அண்ணாச்சி பதில்கள்: இந்த மாதம் ஜீயஸுக்கு மட்டும்

போன இதழில் ஒலிம்பிக் பற்றிக் கேட்ட வாசகர் ஒருவருக்கு, "அது முதலில் விளையாட்டு விழாவே இல்லை, ஜீயஸ் சாமிக்கு எடுத்த கொடை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான். புளியரை, செங்கோட்டை, களியக்காவிளை, அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் கடிதமும் வாட்ஸ்அப்பும் குவிந்துவிட்டன. ஐப்பசி பிறந்து, மதியம் திரும்பினால் மலைப்பக்கம் இடி உருட்டுகிற நேரத்தில் இடிக்குச் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தான். சர்க்கரை வியாதி, பத்திரப் பதிவு, மருமகள் விவகாரம் எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

அண்ணாச்சி, இந்த ஜீயஸ் யார், எங்கே பிறந்தார்? பாட்டிக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள்.
— பிளஸ் டூ மாணவி, செங்கோட்டை

பாட்டிக்கே சொல்கிறேன், பாட்டி கதையைக் கேட்டதும் "இது கிருஷ்ணர் கதைல்லா?" என்று கேட்பார்கள் பார்.

குரோனஸ் என்று ஒரு ராஜா. தேவர்களுக்கு முந்தைய தலைமுறையான டைட்டன்களில் ஒருவர், தன் அப்பாவையே வெட்டி வீழ்த்திவிட்டு ஆட்சிக்கு வந்தவர். உன் பிள்ளையும் உனக்கு இதையேதான் செய்வான் என்று அவருக்கு வாக்கு வந்துவிட்டது. கம்சன் போலச் சிறையில் அடைத்து வைக்கவெல்லாம் அவருக்குப் பொறுமை இல்லை, மனைவி ரேயா பெற்றுப் போடப் போட ஒவ்வொரு குழந்தையாக விழுங்கிக்கொண்டே வந்தார். ஹெஸ்டியா, டெமீட்டர், ஹீரா, ஹேடஸ், பொசைடன் என்று ஐந்து பேர் வயிற்றுக்குள் போன பிறகு ஆறாவது குழந்தைக்கு ரேயா ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டாள். மனுஷன் அதையும் பார்க்காமல் விழுங்கினார். குழந்தை கிரீட் தீவில் ஒரு மலைக்குகைக்குப் போய்விட்டது. அமல்தியா என்ற ஆடு பால் கொடுத்தது, குழந்தை அழுகிற சத்தம் அப்பன் காதில் விழக்கூடாது என்று குகை வாசலில் வீரர்கள் கேடயத்தில் ஈட்டியால் தட்டித் தட்டி ஆடினார்கள். அந்தக் குழந்தைதான் ஜீயஸ்.

வளர்ந்து வந்ததும் அப்பாவுக்கு மருந்து கொடுத்து, உள்ளே போன ஐந்து பேரையும் கக்க வைத்தார். முதலில் வெளியே வந்தது அந்தக் கல். அப்புறம் பத்து வருஷம் சண்டை. பாதாளத்தில் அடைபட்டுக் கிடந்த ஒற்றைக்கண் ராட்சதர்களை விடுவித்ததற்கு நன்றியாக அவர்கள் கொடுத்ததுதான் இடியும் மின்னலும். ஜெயித்த பிறகு அண்ணன் தம்பி மூன்று பேரும் திருவுளச்சீட்டு போட்டுச் சொத்தைப் பிரித்தார்கள் என்று கிரேக்கரின் ஆதி கவி ஹோமர் சொல்கிறார்: கடல் பொசைடனுக்கு, பாதாளம் ஹேடஸுக்கு, வானம் ஜீயஸுக்கு. பூமியும் ஒலிம்பஸ் மலையும் பொது.

கல் என்ன ஆயிற்று என்று கேட்பாய். அதை டெல்ஃபி என்ற கோவில் ஊரில் வைத்துவிட்டார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பவுசானியஸ் அதை நேரில் பார்த்திருக்கிறார், பெரிய கல் ஒன்றுமில்லை, தினமும் அதற்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள், விசேஷ நாளில் நூற்காத கம்பளி சாத்துகிறார்கள் என்று குறிப்பு எழுதியிருக்கிறார். எண்ணெய்க்காப்பும் சாத்துப்படியும்! பாட்டியிடம் இதை மறக்காமல் சொல்.

ஜீயஸும் நம்ம இந்திரனும் ஒருவர்தானே? சுத்தி வளைக்காமல் ஆமா இல்லையா சொல்லவும்.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

இல்லை சார். ஆனால் சுத்தி வளைக்காமல் சொல்ல முடியாது.

பெயர் வழியில் பார்த்தால் ஜீயஸுக்கு உறவுக்காரர் இந்திரன் இல்லை, ரிக் வேதத்தில் "தியௌஸ்" என்று வருகிற வானத் தந்தை. ரோமர்களின் ஜூபிடரும் அதே குடும்பம். நம் பக்கம் தியௌஸ் சீக்கிரமே ஓரமாக ஒதுங்கிவிட்டார், வேலை முழுக்க இந்திரன் கைக்குப் போய்விட்டது. இவர் கையில் வஜ்ராயுதம், அவர் கையில் இடி. இவர் விருத்திரனைக் கொன்றார், அவர் டைஃபன் என்ற பாம்புத்தலை பூதத்தை அடித்து எட்னா எரிமலைக்கு அடியில் புதைத்தார்.

நீங்கள் சுசீந்திரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர், அதனால் இன்னொன்றும் சொல்லலாம். கௌதமர் உருவம் எடுத்து அகலிகையிடம் போனானே இந்திரன், அதே வேலையை ஜீயஸும் செய்தார். ஆம்ஃபிட்ரியன் என்ற தளபதி போருக்குப் போயிருந்தபோது அவன் உருவத்தில் அவன் வீட்டுக்குப் போய் அவன் மனைவி அல்க்மீனியோடு இருந்தார், விடிந்துவிடக் கூடாது என்று ஓர் இரவை மூன்று இரவு நீளத்துக்கு இழுத்துவிட்டார். அப்படிப் பிறந்தவர்தான் ஹெராக்ளிஸ். இதுவரை ரெண்டும் ஒரே கதை. வித்தியாசம் இதற்கு அப்புறம்தான். இந்திரனுக்குச் சாபம் விழுந்தது, உடம்பெல்லாம் அசிங்கப்பட்டான், கடைசியில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்து தாணுமாலயனிடம் சுத்தமாகிப் போனான் என்பது தலபுராணம், இன்றைக்கும் அர்த்தஜாம பூஜைக்கு அவனே வருகிறான் என்று நம்புகிறோம். ஜீயஸுக்கு ஒரு சுசீந்திரம் இல்லை. சாபம் கொடுக்க அவருக்கு மேலே ஆள் இல்லை.

இன்னொன்று, இந்திரன் என்பது நம்மிடம் ஒரு பதவி. நூறு அசுவமேதம் முடித்த எவனும் வந்து உட்காரலாம், அதனால்தான் எந்த முனிவர் தவத்தில் உட்கார்ந்தாலும் அவனுக்கு வயிற்றைக் கலக்கும். ஜீயஸுக்குப் பயம் வெளியாளிடம் இல்லை, பெறப்போகிற பிள்ளையிடம். தாத்தாவை அப்பா கவிழ்த்தார், அப்பாவை இவர் கவிழ்த்தார், அடுத்தது யார்? முதல் மனைவி மீட்டிஸ் கர்ப்பமாக இருந்தபோது, இவள் வயிற்றில் அடுத்துப் பிறக்கிற மகன் உன்னை மிஞ்சுவான் என்று தெரிந்ததும் அப்பா செய்ததற்கு ஒரு படி மேலே போய் மனைவியையே விழுங்கிவிட்டார். உள்ளே இருந்த பெண் குழந்தை பிறகு தலையைப் பிளந்துகொண்டு ஆயுதத்தோடு வெளியே வந்தது, அதுதான் அத்தீனா. பின்னால் தெட்டிஸ் என்ற கடல் தேவதை மேல் ஆசைப்பட்டார், அவள் பெறும் மகன் அப்பனைவிடப் பெரியவன் ஆவான் என்று தெரிந்ததும் அவசர அவசரமாக ஒரு மனிதனுக்குக் கட்டி வைத்தார். அந்தக் கல்யாணத்தில் பிறந்த மகன்தான் அக்கிலிஸ்.

கதையைப் படித்தால் பெண் பித்தன், சந்தேகப் பிராணி, பொண்டாட்டிக்குப் பயந்தவர். இவரை எப்படி அண்ணா சாமி என்று கும்பிட்டார்கள்? எனக்குப் புரியவே இல்லை.
— இல்லத்தரசி, கொழிஞ்சாம்பாறை

வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி இதுதான் சேச்சி. காளையாகி யூரோப்பாவைத் தூக்கினார், அன்னமாகி லீடாவிடம் போனார், பொன்மழையாகி டானையியின் சிறைக்குள் இறங்கினார், பட்டியல் போட்டால் பக்கம் போதாது. ஹோமரின் இலியட் காவியத்தின் பதினான்காம் பாகத்தில் ஹீரா அலங்காரம் பண்ணிக்கொண்டு வந்து நிற்க, "இவளிடம் இருந்தபோதுகூட, அவளிடம் இருந்தபோதுகூட இப்படி ஓர் ஆசை எனக்கு வந்ததில்லை" என்று கட்டின மனைவியிடமே வரிசையாகப் பெயர் சொல்லிக் கொஞ்சுகிற ஆள். கிரேக்கர்களுக்கே இது உறுத்தியது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் செனோஃபனிஸ் என்ற கவிஞர், மனிதர்களிடம் எதெல்லாம் கேவலமோ அதையெல்லாம், திருட்டு, கள்ளத்தொடர்பு, ஏமாற்று என்று ஹோமரும் இன்னொரு பழைய கவி ஹெசியடும் தெய்வங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திட்டினார். இந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே கூடாது என்றார் பிளேட்டோ.

இவ்வளவு தொடுப்பு ஏன் வந்தது என்பதற்கு ஓரளவு காரணம் சொல்லலாம். கிரேக்கம் ஒரே நாடாக இருக்கவில்லை, ஒவ்வொரு நகரமும் தனி நாடு, ஒவ்வொரு ராஜ வம்சத்துக்கும் தங்கள் முப்பாட்டன் ஜீயஸின் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆர்கோஸுக்கு ஒரு மகன், கிரீட்டுக்கு ஒரு மகன், ஆர்கேடியாவுக்கு ஒரு மகன். எல்லாக் கதையையும் பின்னால் வந்தவர்கள் ஓர் இடத்தில் சேர்த்துக் கட்டியபோது, ஊருக்கு ஒரு தாய் என்பது ஒரே ஆளின் நூறு கள்ளக்காதலாகிவிட்டது.

ஆனால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் வேறு. கதையில் வருகிற ஜீயஸை யாரும் கும்பிடவில்லை. வீட்டில் கும்பிட்டது வேறொரு ஜீயஸை.

வீட்டு முற்றத்தில் ஒரு ஜீயஸ் இருந்தார், அவர் பெயர் ஹெர்கியோஸ், வேலியைக் காப்பவர். ஏதென்ஸில் ஒருவர் ஆர்க்கன் என்ற பெரிய பதவிக்கு வந்தால் அவரை நிற்கவைத்துக் கேட்கிற கேள்விகளில் "உன் வீட்டு முற்றத்து ஜீயஸின் பீடம் எங்கே இருக்கிறது?" என்பதும் ஒன்று. இன்றைக்கு ஆதாரைக் காட்டச் சொல்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், முற்றத்து ஜீயஸ் இல்லாதவன் ஊர்க்காரனே இல்லை. சாமான் அறையில் இன்னொரு ஜீயஸ், பெயர் நம் வாய்க்கு வருகிறபடி கிடேசியோஸ், குதிர் நிறையக் காப்பவர். அவருக்குச் சிலைகூடத் தேவை இல்லை. இரண்டு காது வைத்த புதுக் குடம், காதில் வெள்ளைக் கம்பளி, உள்ளே சுத்தமான தண்ணீர், ஆலிவ் எண்ணெய், பல வகைப் பழமும் தானியமும். நம் பக்கம் கலசம் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் மெய்லிகியோஸ் என்று ஒரு ஜீயஸ், சாந்தமானவர், கேட்டால் இரங்குபவர். ஏதென்ஸ் துறைமுகமான பிரேயஸில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் அவருக்கு நேர்ந்துகொண்டு வைத்த கல் பலகைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் தாடி வைத்த ராஜா இல்லை, இடி இல்லை. சுருண்டு நிமிர்ந்து நிற்கிற ஒரு பெரிய பாம்பு. பாம்பின் முன்னால் நின்று கையைத் தூக்கிக் கும்பிடுகிற குடும்பம். சர்ப்பக்காவுக்கு விளக்கு வைக்கிற வீட்டில் இருந்து இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் அந்தப் பலகையைப் பார்த்தால் உள்ளே இருப்பது யார் என்று கேட்கவே மாட்டார்கள்.

அந்நியனுக்கும் பிச்சைக்காரனுக்கும் ஒரு ஜீயஸ் உண்டு, செனியோஸ். வாசலில் வந்து நிற்கிறவனை விரட்டினால் அவர் பார்த்துக்கொள்வார், அதனால் முதலில் சோறு, பிறகுதான் "எந்த ஊர்?" என்ற விசாரணை. சத்தியத்துக்கு ஒரு ஜீயஸ். ஒலிம்பிக் நடந்த ஊரான ஒலிம்பியாவில் ஈ விரட்டுவதற்கு என்றே ஒரு ஜீயஸ்! சிரிக்காதீர்கள், நூறு மாடு வெட்டிப் பலி போடுகிற இடத்தில், அதுவும் கோடையில், ஈ என்ன பாடு படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே சாமியா, பல சாமியா என்று கேட்பீர்கள். குளத்துப்புழையில் பாலகன், ஆரியங்காவில் புஷ்கலையைக் கட்டப்போகிற இளைஞன், அச்சன்கோவிலில் பூரணை புஷ்கலையோடு குடும்பஸ்தர், சபரிமலையில் பிரம்மச்சாரி. நான்கு பேரும் ஒரே சாஸ்தாதான் என்று சொல்லிக்கொண்டு, நான்கு இடத்துக்கும் நான்கு விதமாக நேர்ந்துகொள்கிறோம் இல்லையா? கிரேக்கக் கிழவிக்கும் அதில் குழப்பம் இருந்திருக்காது. யூரோப்பா கதையை நாடகத்தில் பார்த்து ரசித்துவிட்டு வீட்டுக்கு வந்து குடத்துக்குத் தண்ணீர் மாற்றியிருப்பாள். அவளுக்கு அந்தக் குடம்தான் ஜீயஸ். நமக்குக் கிடைத்தது கதைப் புத்தகம் மட்டும் என்பதால் தப்பான ஆளைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

பிரசன்னம் பார்ப்பது, பூ கட்டிப் போட்டுப் பார்ப்பது போல அவரிடமும் குறி கேட்பார்களா?
— ஏலக்காய் வியாபாரி, கம்பம்

கேட்பார்கள், அதுவும் எழுதிக் கேட்பார்கள். கிரேக்கத்தின் வடமேற்கு மூலையில் டொடோனா என்று ஓர் இடம். கிரேக்கர்களே தங்கள் குறி சொல்லும் தலங்களில் பழையது அதுதான் என்று நம்பினார்கள். அங்கே ஜீயஸ் குடியிருந்தது ஒரு ஓக் மரத்தில். இலை சலசலப்பதைக் கேட்டுப் பூசாரி பதில் சொல்வார். அந்தப் பூசாரிகள் காலைக் கழுவ மாட்டார்கள், வெறும் தரையில்தான் படுப்பார்கள் என்கிறது இலியட்.

ஜனங்கள் தங்கள் கேள்வியை மெல்லிய ஈயத் தகட்டில் கீறி மடித்துக் கொடுத்தார்கள். ஈயம் மக்காது பாருங்கள், ஆயிரக்கணக்கில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ராஜாங்க ரகசியமோ தத்துவமோ இருக்கும் என்று நினைத்து ஒருவர் பிரித்துப் பார்த்தால் ஏமாந்துபோவார். அன்னிலா வயிற்றில் இருக்கும் பிள்ளை என்னுடையதுதானா என்று லைசானியஸ் என்பவன் கேட்கிறான். காணாமல் போன போர்வையும் தலையணையும் வெளியாள் யாராவது திருடியிருப்பானா என்று ஏகிஸ் என்பவன் கேட்கிறான். ஆடு வளர்த்தால் லாபம் வருமா என்று இன்னொருவன். ஏலக்காய் விலை ஏறுமா என்று கேட்க நீங்கள் அங்கே இல்லாததுதான் குறை.

மாதா மாதம் எனக்கு வருகிற தபாலில் முக்கால்வாசி இதேதான் என்பதால் எனக்கு ஜீயஸின் மேல் இந்த ஓர் இடத்தில் ரொம்பப் பாசம். பதில் எழுதிய தகடுகள் மட்டும் மிகக் குறைவு, லைசானியஸுக்கு மரம் என்ன சொல்லியிருக்கும் என்பது அவனோடு போயிற்று.

நம்ம நாட்டுக்கும் ஜீயஸுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? சும்மா "எல்லாம் தமிழனிடமிருந்து போனது" என்று எழுதாதீர்கள்.
— வாசகர், மீனாட்சிபுரம்

எழுத மாட்டேன் தம்பி. அதற்கு நேர் எதிராக ஒன்று இருக்கிறது, கேளுங்கள்.

கி.மு. 300-ஐ ஒட்டிச் சந்திரகுப்த மௌரியரிடம் தூதராக வந்த மெகஸ்தனிஸ், தெற்கே பாண்டிய நாடு இருப்பதைக் கேள்விப்பட்டார். அவர் எழுதியதை அர்ரியன் என்ற பிற்காலத்து ஆசிரியர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்: இந்தியாவில் ஹெராக்ளிஸுக்கு மகன்கள் நிறைய, மகள் ஒருத்திதான், பெயர் பண்டேயா, அவள் ஆண்ட நாட்டுக்கு அவள் பெயர். அப்பா அவளுக்கு 500 யானையும், 4,000 குதிரைப்படையும், 1,30,000 காலாட்படையும் கொடுத்தாராம். கடலில் எடுத்த முத்தும் அவளுக்குத்தான். யானை, முத்து, பெண்ணரசி என்றதும் மீனாட்சியைத் தவிர வேறு யாரை நினைப்போம்? ஹெராக்ளிஸ் ஜீயஸின் மகன், ஆக அந்தக் கணக்குப்படி பாண்டிய நாட்டு ராணி ஜீயஸின் பேத்தி. கிரேக்கர்கள் போன ஊரெல்லாம் தங்கள் சாமியைக் கண்டுபிடிக்கிற பழக்கம் உள்ளவர்கள், இங்கே கேட்ட ஏதோ ஒரு கதையைத் தங்கள் குடும்பத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வடக்கே இன்னும் கெட்டியான சாட்சி உண்டு. இந்தோ கிரேக்க ராஜா ஆன்டியால்கிடஸ் அடித்த வெள்ளிக் காசில் ஜீயஸ் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஒரு யானை. அதே ராஜாவின் தூதராக மத்தியப் பிரதேசத்து விதிஷாவுக்கு வந்த ஹெலியோடோரஸ், கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வாசுதேவருக்கு ஒரு கருடத் தூண் நிறுத்தி, தன்னைப் பாகவதன் என்று கல்லில் எழுதிக்கொண்டார். தூண் இன்றும் நிற்கிறது. எஜமான் காசில் ஜீயஸ், தூதர் மனசில் வாசுதேவர்.

நம் பக்கம் முசிறிக்கு மிளகு வாங்க வந்த யவனர்கள் ஜீயஸையோ ஜூபிடரையோ கும்பிட்டுக்கொண்டுதான் கப்பல் ஏறியிருப்பார்கள். முசிறியாக இருக்கலாம் என்று பலர் கருதுகிற பட்டணம் என்ற ஊரில், வடக்குப் பறவூருக்குப் பக்கத்தில், 2007 முதல் தோண்டி ரோமானிய மதுச்சாடித் துண்டுகளை நிறைய எடுத்திருக்கிறார்கள். பழைய ரோமானிய வழிப்படம் ஒன்றில் முசிறிக்குப் பக்கத்தில் ஒரு கோவில் வரைந்திருக்கிறது, ஆனால் அது ஜூபிடருக்கு இல்லை, அகஸ்டஸ் சக்கரவர்த்திக்கு. அரசியல்வாதிக்குக் கோவில் கட்டுவது அன்றைக்கே ஆரம்பம்.

இடி இடித்தால் என் அம்மச்சி "அர்ஜுனா, பல்குனா" என்று சொல்வார்கள். கிரேக்கர்கள் என்ன சொல்வார்கள்?
— செவிலியர், களியக்காவிளை

அர்ஜுனன் இந்திரன் மகன், மகன் பெயரைச் சொன்னால் அப்பா கை ஓங்க மாட்டார் என்ற கணக்கு. கிரேக்கர்கள் இடி விழுந்த இடத்தை ஜீயஸ் இறங்கி வந்த இடம் என்று சொல்லி வேலி போட்டுவிடுவார்கள், யாரும் அதற்குள் காலை வைக்கக் கூடாது. மழை வரவில்லை என்றாலும் அவரிடம்தான், "பெய், பெய், அன்பு ஜீயஸே, ஏதென்ஸ்காரர்களின் வயல்மேல் பெய்" என்பது அவர்களுடைய பிரார்த்தனை.

ரோமாபுரிச் சக்கரவர்த்தி டைபீரியஸுக்கு இடி என்றால் நடுக்கம். வானம் கறுத்தால் லாரல் இலைக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொள்வார், அந்த மரத்தில் இடி விழாது என்று நம்பிக்கை. கோயம்புத்தூர்ப் பக்கமும் பாலக்காட்டுக் கணவாய் வழியிலும் புதையலாகக் கிடைத்த ரோமானியக் காசுகளில் இந்த டைபீரியஸ் நிறைய இருக்கிறார், லாரல் சூடிய தலையோடு. காசில் இருப்பது வெற்றிக்கான மாலை, இடிக்கானது இல்லை, இருந்தாலும் எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வானம் கறுத்ததும் அவசரமாகக் கிரீடத்தைத் தேடுகிற மனுஷன்தான் ஞாபகம் வருவார்.

அம்மச்சி அர்ஜுனனைக் கூப்பிடட்டும், கூடவே டிவி பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். துலா மழை நேரத்தில் தென்னை மரத்தடியில் நிற்பது எந்தச் சாமியை நம்பினாலும் கூடாது.

ஒலிம்பிக்கில் அந்தக் காலத்தில் ஏமாற்று உண்டா? ஜீயஸ் என்ன தண்டனை கொடுப்பார்?
— கபடி வீரர், மார்த்தாண்டம்

ஜீயஸ் கொடுக்க மாட்டார், நடுவர்கள் கொடுப்பார்கள், அதில்தான் சுவாரசியம். போட்டிக்கு முன்னால் இரண்டு கையிலும் இடி பிடித்த ஜீயஸ் சிலைக்கு எதிரே, வெட்டிய பன்றி இறைச்சியின் மேல் சத்தியம் செய்ய வேண்டும். வீரன் மட்டும் போதாது, அப்பா, அண்ணன் தம்பி, பயிற்சியாளர் எல்லோரும். நம் செலக்‌ஷன் கமிட்டிகளுக்கும் இதைச் சிபாரிசு செய்கிறேன்.

அப்படியும் கி.மு. 388-இல் யூபோலஸ் என்ற குத்துச்சண்டைக்காரன் எதிராளிகள் மூன்று பேருக்குப் பணம் கொடுத்துத் தோற்க வைத்தான். நால்வருக்கும் அபராதம். அந்தப் பணத்தில் ஜீயஸுக்கு ஆறு வெண்கலச் சிலை செய்து, மைதானத்துக்குள் நுழைகிற வழியில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒலிம்பியாவில் ஜெயிப்பது காசால் இல்லை, கால் வேகத்தாலும் உடம்பு வலுவாலும் என்று ஒன்றில் எழுதியும் வைத்தார்கள். பிறகு பிடிபட்டவர்களின் பணத்தில் இன்னும் சிலைகள் சேர்ந்தன. ஓடப் போகிறவன் ஒவ்வொருவனும் அந்தத் திருட்டுக் காசு சாமிகளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். சிலைகள் போய்விட்டன, பீடங்கள் இன்றும் இருக்கின்றன.

நீரோ சக்கரவர்த்தி மட்டும் கி.பி. 67-இல் பத்துக் குதிரை பூட்டிய தேரிலிருந்து கீழே விழுந்து, பந்தயத்தை முடிக்காமலேயே முதல் பரிசு வாங்கிப் போனார். அவருக்கு அபராதம் போட யாருக்குத் துணிச்சல்?

ஏழு அதிசயத்தில் ஒன்றான ஜீயஸ் சிலை இப்போது எங்கே?
— வாசகி, கூடலூர்

எங்கேயும் இல்லை. கி.மு. 435 வாக்கில் ஒலிம்பியா கோவிலுக்குச் சிற்பி ஃபிடியஸ் செய்தது, சுமார் 12 மீட்டர் உயரம், உடம்பு யானைத் தந்தம், உடை தங்கம். உட்கார்ந்த நிலையிலேயே தலை கூரையைத் தொடுகிற மாதிரி இருந்ததால், எழுந்து நின்றால் கோவில் கூரை பிய்ந்துவிடும் என்று பூகோளம் எழுதிய ஸ்ட்ராபோ கிண்டல் செய்தார். அதன் தலையை எடுத்துவிட்டுத் தன் தலையைப் பொருத்த ஆசைப்பட்ட ரோமாபுரிச் சக்கரவர்த்தி காலிகுலா ஆள் அனுப்பியபோது சிலை திடீரென்று சிரித்ததாகவும், சாரம் சரிந்து வேலைக்காரர்கள் ஓடிவிட்டதாகவும் ஒரு கதை. பின்னால் கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டுபோய் அங்கே தீயில் போனது என்று சொல்கிறார்கள். ஃபிடியஸின் பட்டறையை மட்டும் 1950-களில் தோண்டிக் கண்டுபிடித்தார்கள், "நான் ஃபிடியஸுக்குச் சொந்தம்" என்று அடியில் கீறிய ஒரு குவளையோடு.

வியாழன் கிரகம்தான் ஜூபிடர் என்றால் குருபெயர்ச்சிக்கு ஜீயஸுக்கும் கொண்டைக்கடலை மாலை போடலாமா?
— குறும்புக்காரர், போடி

போடலாம், அவர் கேட்க மாட்டார், வீட்டு விவகாரமே அவருக்குச் சரியாக இருக்கும். 1610-இல் கலிலியோ கண்டுபிடித்த நான்கு பெரிய நிலவுகளுக்கு ஐயோ, யூரோப்பா, கனிமீட், கலிஸ்டோ என்று பெயர். நான்கு பேரும் ஜீயஸ் ஆசைப்பட்டுத் தொந்தரவு செய்தவர்கள். இதைப் பார்த்துக்கொண்டு நாசா சும்மா இருக்குமா, 2011-இல் மனைவி ஹீராவின் ரோமானியப் பெயரிலேயே ஜூனோ என்று ஒரு விண்கலத்தை அனுப்பியது, 2016 ஜூலையில் அந்த அம்மா போய்ச் சேர்ந்து மேகத்தைத் துழாவ ஆரம்பித்துவிட்டார்.

இப்போதும் யாராவது ஜீயஸைக் கும்பிடுகிறார்களா?
— வாசகர், தென்காசி

கொஞ்சம் பேர் உண்டு. ஏதென்ஸில் ஒலிம்பிய ஜீயஸ் கோவில் என்று ஒன்று, கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஆரம்பித்து, பணம் இல்லாமல், ஆட்சி மாறி, நின்று நின்று, ஹாட்ரியன் சக்கரவர்த்தி காலத்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் முடிந்தது. நம் பக்கம் பாதியில் நிற்கிற மேம்பாலங்களைத் திட்டுகிறவர்கள் கவனிக்க. 104 தூண்களில் 15 நிற்கின்றன, இன்னொன்று 1852-இல் ஒரு புயலில் விழுந்து, அடுக்கிய வடைகளைத் தட்டிவிட்ட வாக்கில் இன்னும் அப்படியே கிடக்கிறது. தன் கோவில் என்று தெரிந்துமா தள்ளினார் என்று கேட்காதீர்கள். 2007 ஜனவரியில் அங்கே ஒரு சிறு கூட்டம் கூடி வெள்ளையுடுத்தி அவரைப் பாடிக் கும்பிட்டது. மலைக்கும் ஆட்கள் ஏறுகிறார்கள், ஒலிம்பஸ் 2,917 மீட்டர், நம் ஆனைமுடியைவிட இருநூறு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். உச்சியை முதன்முதலில் மனிதன் தொட்டது 1913-இல்தான்.

எங்கள் நாய்க்கு ஜீயஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம். சாமி குத்தமா அண்ணாச்சி?
— ஆறாம் வகுப்பு, புளியரை

குத்தமே இல்லை மக்களே. கிரீட் குகையில் குழந்தை ஜீயஸுக்குப் பால் கொடுத்த ஆட்டைக் காவல் காத்தது ஒரு தங்க நாய். பின்னால் அது அவருடைய கோவிலிலேயே காவலுக்கு இருந்தது. பண்டாரியஸ் என்று ஒருவன் அதைத் திருடிக்கொண்டு போனான், ஜீயஸ் அவனைக் கல்லாக்கிவிட்டார். உங்கள் ஜீயஸைச் செக்போஸ்ட் பக்கம் யாராவது பிஸ்கட் காட்டிக் கூப்பிட்டால் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.